நங்கூரம் கேட்டு எழுதியவர்கள்

ஒன்பது வருஷமாகப் போர் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் முருகேஸ்வரி. ஆனால் ஒரு நாள்கூட அந்தப் பொம்மைகளை வைத்து ஒரு ஆட்டம் ஆடியதில்லை. ஆடிப் பார் என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கும் தோன்றியதில்லை.

தூத்துக்குடியில் மடத்தூர் போகிற வழியில் ஒரு பழைய உப்புக் கிட்டங்கியை வாங்கி அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர் செந்தில்வேல். தேரிக்காட்டுப் பக்கத்து வியாபாரக் குடும்பம். அண்ணன் தம்பிகள் பாத்திரக்கடை, பலசரக்கு என்று போனபோது இவர் ஒருவர்தான் பொம்மை வார்க்கப் போனார். ரெசினில் வார்த்த சுண்டுவிரல் உயர வீரர்கள், குதிரைகள், படகுகள். அவற்றை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, விதிப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேர் போர் நடத்துவார்கள். இதற்கென்று உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கிறது. பொம்மைக்குத் தாங்களே வர்ணம் தீட்டி, வாரக்கடைசியில் கூடி உட்கார்ந்து ஆடுகிற கூட்டம்.

முருகேஸ்வரி ஸ்ரீவைகுண்டம் பக்கத்து நெல் விளைகிற ஊரில் பிறந்து, கல்யாணமாகி முத்தையாபுரம் வந்தவள். கம்பெனியில் அவள் இடத்துக்கு உதிரி மேசை என்று பெயர். பெட்டியில் ஒரு உருப்படி குறைந்தால், உடைந்தால், தொலைந்தால் வாங்கியவர்கள் எழுதுவார்கள். தேடி எடுத்துத் தபாலில் அனுப்ப வேண்டியது அவள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பொம்மையைக் கையில் கொடுத்தாலும் எந்த ஆட்டம், எத்தனையாம் எண் என்று சொல்லிவிடுவாள்.

செந்தில்வேல் முதலில் செய்தது மூன்று சின்ன ஆட்டங்கள். ஒரு சாப்பாட்டு மேசையில் ஒரு மணி நேரத்தில் ஆடி முடிக்கலாம். அதில் முதலாவது ‘சலாபம்’. முத்துக்குளிக்கிற பருவத்துக்கு இந்தக் கரையில் அதுதான் பெயர். குளியாட்களோடு நிற்கிற படகுகள் ஒரு பக்கம், சிப்பியைக் கொள்ளையடிக்க வருகிற படகுகள் எதிர்ப்பக்கம். மொத்தம் இருபத்தாறு உருப்படி. பிறகு ‘ஏழு படை’ என்று ஒரு பெரிய ஆட்டம் போட்டார். முந்நூறு பொம்மை. வெளிநாட்டுக்குப் பெட்டி பெட்டியாகப் போனது. அந்த வேகத்தில் 2019-இல் சின்ன ஆட்டங்கள் மூன்றையும் நிறுத்திவிட்டார்.

நிறுத்தினாரே தவிர, கேட்பவர்கள் நிறுத்தவில்லை. ‘சலாபம் இன்னொரு பெட்டி கிடைக்குமா?’, ‘எங்கள் வீட்டில் நங்கூரம் தொலைந்துவிட்டது, ஒன்று அனுப்ப முடியுமா?’ இருபத்தாறு உருப்படியில் நங்கூரம்தான் சின்னது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. அதைத்தான் எல்லாரும் தொலைத்தார்கள். கையிருப்பு தீர்ந்த பிறகு முருகேஸ்வரி எல்லாருக்கும் ஒரே வரியை அனுப்பினாள்: ‘மன்னிக்கவும். இந்த ஆட்டம் நிறுத்தப்பட்டுவிட்டது.’ அனுப்பிவிட்டு, கேட்டவர் பெயர், ஊர், என்ன கேட்டார் என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். எதற்கு என்றால் அவளுக்கே சொல்லத் தெரியாது. வாசலுக்கு வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்ப நேர்ந்தால் பேராவது ஊராவது கேட்டுக்கொள்வது அவள் வளர்ந்த வீட்டுப் பழக்கம்.

2023 மார்கழி வெள்ளம் எல்லாரையும் ஒரு புரட்டுப் புரட்டியது. ஊரில் அவள் அப்பா வீட்டு நெல்மூட்டைகள் அடுக்கின இடத்திலேயே முளைவிட்டன. கிட்டங்கிக்குள் இடுப்பளவு தண்ணீர். மேல்தட்டில் இருந்த ஏழு படையின் அச்சுகள் தப்பின. நிறுத்திய ஆட்டங்களின் அச்சுகளும், முதல்முதலில் கையால் செதுக்கிய மூல உருவங்களும் கீழ்த்தட்டில் இருந்தன. வண்டலோடு வாரிக் கொட்டினார்கள். யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

வருத்தம் ஒரு வருஷம் கழித்து வந்தது. செந்தில்வேல் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார்.

“வெளிநாட்டு ஆர்டரு பாதியாயிட்டு. ஏழு படைய விரிக்கணும்னா கட்டில் அகலத்துக்கு மேச வேணும், நாலு மணி நேரம் வேணும். இப்ப யாருக்கு அவ்வளவு நேரம் இருக்கு? சின்னதா ஏதும் இருக்கான்னு கேக்கான். நம்மகிட்ட இருந்துச்சு. அச்சும் போச்சு, மூலமும் போச்சு. கம்ப்யூட்டர்ல முதல்லருந்து வரைஞ்சு எடுக்கணும்னா ஒரு வருஷம் ஓடிரும்.”

முருகேஸ்வரி பின்வரிசையில் நின்றிருந்தாள். கூட்டத்தில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“பொம்ம போகல அண்ணாச்சி. வாங்குனவங்க வீட்டுல இருக்கு.”

இரண்டு பேர் சிரித்தார்கள். செந்தில்வேல் சிரிக்கவில்லை.

“வித்த சாமானத் திருப்பிக் கேக்கச் சொல்லுதியாம்மா?”

“திருப்பி வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு இரவல் கேப்போம். அத வச்சு புது அச்சு எடுத்துட்டு அனுப்பிருவோம்.”

“குடுப்பாங்களா?”

“யாரு யாருகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியும். கேட்டுப் பாக்கேன்.”

அவர் யோசித்தார். மூன்றும் வேண்டாம், சலாபம் ஒன்றை மட்டும் பார்ப்போம் என்றார். ஆடி மாதம் முடிவதற்குள் இருபத்தாறு உருப்படியும் வந்து சேர வேண்டும். சேரவில்லையென்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

அன்றைக்கே அவள் கடிதத்தை எழுதினாள். ஆபீஸில் வைத்திருந்த மாதிரிக் கடிதத்தைத் தொடவில்லை. ‘முன்பு நீங்கள் கேட்டபோது இல்லை என்று எழுதியவள் நான்தான். இப்போது நானே உங்களிடம் கேட்கிறேன்’ என்று தொடங்கி, வெள்ளம் வந்ததைச் சொல்லி, என்ன வேண்டும் என்பதைச் சொல்லி, கீழே தன் பெயரையும் போன் நம்பரையும் போட்டாள். நோட்டில் இருந்த நூற்றி முப்பத்தொரு பேருக்கும் போனது.

முதல் வாரத்தில் பதினொரு பதில். எட்டுப் பேர் முடியாது என்றார்கள். நாகர்கோவிலிலிருந்து அபிலாஷ் என்பவர் கொஞ்சம் காரமாகவே எழுதியிருந்தார்: ‘நான் ஒரு நங்கூரம் கேட்டேன். தரவில்லை. இப்போது ஆறு படகையும் கேட்கிறீர்களா?’ முருகேஸ்வரி அவருக்குப் போன் போட்டாள்.

“நீங்க கோவப்பட்டது நியாயம் சார். சாமான் இல்லாமத்தான் இல்லன்னு எழுதுனேன். ஆட்டம் திரும்ப வந்துச்சுன்னா மொத நங்கூரம் ஒங்களுக்குத்தான். வரலைன்னா ஒங்க படகு ஆறும் ஒரு கீறல் இல்லாம வீடு வந்து சேரும். அதுக்கு நான் பொறுப்பு.”

மூன்றாம் நாள் படகு ஆறும் பஞ்சில் பொதிந்து வந்து இறங்கின.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் வீட்டுக் குளியாளை நாய் மென்றிருந்தது. இன்னொருவர் கொள்ளைக்காரர்களுக்கெல்லாம் ரோஸ் வர்ணம் அடித்திருந்தார். படகோட்டுகிற தண்டல் இரண்டு பேரும் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். ஒருவருக்குத் தலை இல்லை. தலையை மட்டும் விருதுநகர்க்காரர் ஒருவர் தனியாக அனுப்பினார். வார்ப்புப் பகுதியில் வேலை பார்த்த செல்லக்கிளி ஒவ்வொன்றையும் வாங்கி வாஸ்லின் தடவி, சிலிக்கானில் அமுக்கி அச்சு எடுத்தாள். ஆனி கடைசியில் இருபத்தைந்து சேர்ந்துவிட்டது.

நங்கூரம் மட்டும் வரவில்லை. எல்லாரும் தொலைத்தது அதைத்தான் என்னும்போது யாரிடம் போய்க் கேட்பது?

நோட்டை முதலிலிருந்து புரட்டினாள். நங்கூரம் கேட்காதவர்கள் யார் யார் என்று பார்த்தாள். சாயர்புரத்தில் ஜெபசுதா என்று ஒரு பெயர். விதியில் ஏதோ சந்தேகம் கேட்டு மூன்று தடவை எழுதியிருக்கிறார், நங்கூரம் கேட்கவில்லை. கடிதத்துக்குப் பதிலும் போடவில்லை. போனில் கூப்பிட்டாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குரலே வகுப்பெடுத்தது.

“நங்கூரம் பத்திரமா இருக்கு. ஆனா வீட்ட விட்டு வெளிய போகாது. ஒருதரம் தபால்ல ஒரு சாமான் அனுப்பித் தொலைச்சிட்டேன். ஒங்களுக்கு அச்சுதான வேணும்? அந்த மருந்த எடுத்துட்டு இங்கன வாங்க.”

சனிக்கிழமை முருகேஸ்வரியும் செல்லக்கிளியும் சிலிக்கான் டின் இரண்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். டீச்சர் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்துத் தயாராக வைத்திருந்தார். நங்கூரத்தைக் களிமண்ணில் பாதி புதைத்து, சுற்றி அட்டை கட்டி, செல்லக்கிளி சிலிக்கானை ஊற்றினாள். ஒரு பக்கம் இறுக மூன்று மணி நேரம். திருப்பிப்போட்டு அடுத்த பக்கம் ஊற்றினால் இன்னொரு மூன்று மணி நேரம்.

“அதுவரைக்கும் சும்மாவா இருக்கப் போறீங்க? வாங்க, ஆடுவோம்” என்றார் ஜெபசுதா.

“எனக்கு ஆடத் தெரியாது டீச்சர்.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “ஒம்பது வருஷமா இதத்தான விக்கீங்க?”

முருகேஸ்வரிக்கு முகம் சுட்டது. உட்கார்ந்தாள். நங்கூரம் அச்சுக்குள் இருந்ததால் அதன் இடத்தில் ஒரு புளியங்கொட்டையை வைத்தார்கள். விதிப்புத்தகம் முப்பத்தாறு பக்கம். டீச்சர் அதைத் திறக்காமலே சொல்லிக்கொடுத்தார். இவ்வளவு நாள் எண்ணாகவும் எடையாகவும் மட்டும் தெரிந்த பொம்மைகள் கண்ணெதிரே நகர்ந்தன, வழிமறித்தன, முழுகி எழுந்தன. நங்கூரம் போட்ட படகைக் காற்று தள்ளாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முதல் ஆட்டத்தில் அரை மணி நேரத்தில் தோற்றாள். இரண்டாவதிலும் தோற்றாள். மூன்றாவது ஆட்டம் பாதியில் இருக்கும்போது கையை எடுத்துவிட்டாள்.

“டீச்சர், காத்து ஒங்க பக்கம் விழுந்துட்டு. இனிம நான் என்ன செஞ்சாலும் தோப்பேன், இல்லையா?”

“கண்டுபிடிச்சிட்டீங்க” என்றார் ஜெபசுதா. புத்தகத்தைத் திறந்து ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். தொடக்கத்தில் பகடை உருட்டிக் காற்று எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும். ஆட்டம் முடியும்வரை அது மாறாது. ஓரத்தில் பென்சிலில் டீச்சரின் கையெழுத்து: மூன்று சுற்றுக்கு ஒருமுறை, தோற்கிறவர் காற்றைத் திருப்பலாம்.

“இது எங்க வீட்டு விதி. சரியான விதி என்னன்னு கேட்டு மூணு தடவ எழுதுனேன். ஒரு பதிலும் இல்ல.”

அந்த மூன்று கடிதமும் முருகேஸ்வரிக்கு நினைவிருந்தது. விதியைப் பற்றிக் கேள்வி வந்தால் அண்ணாச்சி அறையில் ஒரு தட்டில் போட்டுவிடுவாள். அந்தத் தட்டை யாரும் தொட்டதில்லை. தட்டு நிறைந்திருப்பதைப் பார்த்தும் அவளும் கேட்டதில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் செல்லக்கிளி அச்சை மடியில் வைத்துக்கொண்டு, “எக்கா, இருபத்தாறும் சேந்துட்டு, இனிம என்ன?” என்றாள்.

“பொம்ம சேந்துட்டு. ஆட்டம் இன்னும் சேரல” என்றாள் முருகேஸ்வரி.

அவள் கணவன் வேல்ராஜுக்குப் பழைய துறைமுகத்தில் வேலை. மாலத்தீவுக்குப் போகிற தோணிகளில் வெங்காயம், செங்கல், மணல் என்று ஏற்றுகிற கூட்டத்துக்கு மேஸ்திரி. புது அச்சில் வார்த்துப் பார்த்த ஒரு செட் பொம்மையை அவனிடம் காட்டி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்து ஆடிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

“ஏளா, அங்கன எல்லாம் மூட்ட தூக்குத பயலுவ. பொம்ம வச்சு வெளாடுவானா?”

“கடல்ல போறவன் சொல்லட்டும், இது கடல் மாதிரி இருக்கா இல்லையான்னு. எனக்கு வயக்காடுதான தெரியும்.”

வெங்காய மூட்டைமேல் ஒரு பலகையைப் போட்டு ஆட்டத்தை விரித்தார்கள். முதல் நாள் கேலிதான். இரண்டாம் நாள் பந்தயம் கட்டினார்கள். மூன்றாம் நாள், தோணியில் போய்வருகிற மகாராஜா என்பவர் டீச்சரின் விதியைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“தோக்கவன் சொன்னா காத்து திரும்புமோ? அப்படின்னா நான் எதுக்குத் தங்கச்சி நடுக்கடல்ல ரெண்டு நாளு கெடக்கேன்?”

“பெறகு எப்படித் திரும்பும் அண்ணாச்சி?”

“காலைல கரைக்காத்து. வெயில் ஏறுனா கடக்காத்து. திரும்பும்னு எல்லாப் பயலுக்கும் தெரியும். எந்த நிமிசம்னுதான் ஒருத்தனுக்கும் தெரியாது. அந்த நேரத்துல நங்கூரம் போட்டு நிக்கவன் பொழச்சான், பாய விரிச்சு நிக்கவன் செத்தான்.”

முருகேஸ்வரி அந்த வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டாள். நான்காம் சுற்றிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை. ஆறு விழுந்தால் காற்று திரும்பும். ஆறு விழவே மாட்டேன் என்று அடம்பிடித்தபோது ஐந்தையும் சேர்த்தாள். அதற்கு மேல் ஏழு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், கம்பெனியில் மதிய நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனாள். யாரும் எந்த இடத்தில் ‘இப்ப என்ன செய்யணும்?’ என்று கேட்டாலும் அந்த வரியைத் திருத்தினாள். முப்பத்தாறு பக்கம் நாலு பக்கமாக வந்து நின்றது. கடைசியில், அதுவரை ஆட்டத்தைப் பார்த்தே இராத இரண்டு லாரி டிரைவர்களிடம் அந்த நாலு பக்கத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டே ஆடி முடித்தார்கள்.

செந்தில்வேல் அந்த நாலு பக்கத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். விதிப்புத்தகம் அவர் எழுதியது. இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியது.

“அச்சு எடுக்கத்தான சொன்னேன். ஆட்டத்த மாத்தச் சொன்னேனா?”

“இல்ல அண்ணாச்சி.”

“காத்து மாறக் கூடாதுன்னு வேணும்னுதான் வச்சேன். புத்தியால ஜெயிக்கணும். பகடையால ஜெயிக்கக் கூடாது.”

முருகேஸ்வரி எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஒங்க விதிப்படியே என்கூட அஞ்சு ஆட்டம் ஆடுங்க. காத்து இல்லாத ஆளு ஒரு ஆட்டம் ஜெயிச்சாலும் நான் இதக் கிழிச்சுப் போட்டுருதேன்.”

ஆடினார்கள். முதல் ஆட்டம் காற்று அவருக்கு, ஜெயித்தார். அடுத்தது அவளுக்கு, அவள் ஜெயித்தாள். ஆட்டத்தை உண்டாக்கியவரை, ஆடிப் பழகி மூன்று மாதம்கூட ஆகாதவள் முப்பது நிமிஷத்தில் தோற்கடித்துவிட்டாள். மூன்றாவதும் காற்று அவளுக்கே. நான்காவது அவருக்கு. வெளியே ஷிஃப்ட் மணி அடித்தது. இரண்டு பேரும் எழவில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் காற்று அவளுக்கு விழுந்ததுமே அவர் பொம்மைகளைத் தொடாமல் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“பத்து வருஷம் ஒருத்தனும் எங்கிட்ட இதச் சொல்லல” என்றார்.

“எழுதிக் கேட்டாங்க அண்ணாச்சி. தட்டுல கெடக்கு. ஒங்ககிட்ட வந்து நான் சொல்லிருக்கணும். சொல்லல.”

அவர் அறைக்குள் போய் அந்தத் தட்டை எடுத்துவந்து அன்று சாயங்காலம் முழுக்கப் படித்தார். மறுநாள் நாலு பக்கமும் அச்சுக்குப் போனது. பெட்டியின் மேல் பழைய படம்தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். அதை அவள் மறுக்கவில்லை.

வார்ப்பில்தான் கடைசி மல்லுக்கட்டு. நங்கூரத்தின் ஒரு கொக்கி முனையில் காற்றுக்குமிழ் நின்று நின்று முனை விழாமலே வந்தது. நாற்பது தடவை வார்த்தும் நாற்பதும் மொட்டை. கொஞ்சம் தடிமனாகச் செய்துவிடலாம் என்றார்கள். வாங்கியவர்களுக்குத் தெரியும் என்று முருகேஸ்வரி ஒத்துக்கொள்ளவில்லை. செல்லக்கிளி அச்சைத் தலைகீழாக்கி, முனையிலிருந்து மயிரிழை அளவுக்கு ஒரு வழி வெட்டிவிட்டாள். குமிழ் அந்த வழியாக ஏறி வெளியே போனது. முனை ஊசி மாதிரி வந்தது. பெட்டிக்கு ஒன்று போதாது, மூன்று போட வேண்டும் என்று முருகேஸ்வரி சொன்னபோது யாரும் காரணம் கேட்கவில்லை.

கார்த்திகையில் நானூறு பெட்டி தயாரானது. பொருள் இரவல் தந்த பன்னிரண்டு பேருக்கும் அவரவர் பொம்மையோடு ஒரு புதுப் பெட்டி முதலில் போனது. அபிலாஷுக்கு வாக்குக் கொடுத்தபடி முதல் நங்கூரம். டீச்சர் புத்தகத்தை வாசித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையும், இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வியும் இருப்பதாக எழுதினார். முருகேஸ்வரி கேள்விக்கு அன்றைக்கே பதில் எழுதினாள். மிச்சப் பெட்டிகள் தை பிறப்பதற்குள் தீர்ந்தன. இரண்டாவது தடவை எண்ணூறு வார்த்தார்கள்.

நிறுத்திய மற்ற இரண்டைப் பற்றி அவள் கேட்டபோது, “அடுத்த வருஷம் பாப்போம்மா” என்றார் செந்தில்வேல். அவள் தலையாட்டினாள். பத்து நாள் கழித்து அவர் மேசைக்கு ஒரு பார்சல் வந்தது. பிரித்தால், அந்த இரண்டில் ஒன்றான ‘கோட்டைவாசல்’ ஆட்டத்தின் யானை. தும்பிக்கை ஒடிந்திருந்தது. உதிரி மேசைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“இதுக்கும் கடுதாசி போட்டுட்டியா?”

“போட்டுட்டேன் அண்ணாச்சி.”

யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவதற்குத்தான் வந்திருந்தார் என்பது அவளுக்குத் தெரிந்தது.

“தும்பிக்கை யாருகிட்ட இருக்கு?” என்றார்.

“வள்ளியூர்ல ஒருத்தர் முழு யானையே வச்சிருக்காராம். தபால்ல அனுப்ப மாட்டாராம். நாளைக்கு நானும் செல்லக்கிளியும் போறோம்.”

“நாளைக்கு லோடு ஏத்தணும்லா?”

“அப்ப காலைல மொத பஸ்ஸுக்கே போயிட்டு சாயங்காலம் லோடு ஏத்துததுக்குள்ள வந்துருதோம்” என்று சொல்லிவிட்டு, சிலிக்கான் டின்னில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க முருகேஸ்வரி எழுந்து போனாள்.